பல்லா, காற்றா? பெரிய டயர் மாட்டியபின் வண்டி இழுக்கவில்லை என்றால்

33 அங்குல டயர் மாட்டிய அன்று வண்டி பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மறுநாள் ஒரு நீண்ட ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் மூச்சு வாங்கியது, நான்காவதுக்கு இறக்கினால் கத்தியது. கரட்டுப் பாதையில் இன்னும் மோசம். ஒரு பாறை விளிம்பில் முன்சக்கரத்தை ஏற்றுவதற்காகக் கிளட்சை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் வண்டிக்குள் கருகல் வாடைதான் மிச்சம். கீழே நின்று கைகாட்டிக்கொண்டிருந்த நண்பர் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "டர்போ போட்டுடு." கூட வந்த இன்னொருவர், சூப்பர்சார்ஜர்தான் சரி என்றார். இரண்டுமே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிகள். டிஃபரன்ஷியலுக்குள் இருந்து சக்கரங்களைச் சுற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனை மாற்றச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் மட்டும்தான் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துப் பிழைப்பவர்.

அன்றைக்கு அவர் பேச்சு எனக்குச் சப்பென்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருப்பது எங்கே, டிஃபரன்ஷியல் மூடிக்குள் யார் கண்ணிலும் படாமல் இரண்டு பல்சக்கரம் மாறியிருப்பது எங்கே! ஆனாலும் ஒரு வாரம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, குறை எங்கே இருக்கிறது என்பதே பிடிபட்டது.

என் வண்டியின் பழைய டயர் 29 அங்குலம், டிஃபரன்ஷியல் விகிதம் 3.73. அதாவது பினியன் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் 33 ஆனதும் ஒரே சுற்றில் வண்டி கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. 3.73-ஐ 29-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 3.28. கம்பெனி 3.73 கொடுத்தது, நான் டயர் மூலமாக அதை 3.28 ஆக்கி வைத்திருக்கிறேன். முதல் கியர், லோ ரேஞ்ச் (கரட்டுப் பாதைக்கான மெதுவான கியர் அடுக்கு), ரிவர்ஸ் எல்லாமே அதே அளவுக்கு நீண்டுவிட்டன. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்: முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 114-ல் போய்க்கொண்டிருக்கும்.

எஞ்சின் பக்கம் இதைப் பாருங்கள். டாப் கியர் 0.8 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பழைய டயரோடு எஞ்சின் சுமார் 2,150 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடும். புது டயரோடு சுமார் 1,890. பெட்ரோல் எஞ்சினுக்கு 1,890-ல் என்ன டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும்? சமதளத்துக்குப் போதும். ஏற்றத்தில், எதிர்காற்றில், கூரையில் சாமானோடு போதாது. எஞ்சினின் பலம் எங்கும் போய்விடவில்லை. அது இருக்கிற ஆர்பிஎம்முக்கு முள் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வழக்கமாகத் திணறும் ஏற்றத்துக்கே போங்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, கியரை இறக்கி, எஞ்சின் அதன் உச்ச பலம் தரும் ஆர்பிஎம்மை நெருங்கும்வரை விடுங்கள். 4,500, 5,000 என்று முள் ஏறி, சத்தம் காதைப் பிளந்து, அப்போதும் வேகம் விழுந்துகொண்டே போனால், அந்த எஞ்சினால் இவ்வளவுதான் முடியும். எந்தப் பல்சக்கரத்தாலும் அதற்கு மேல் ஒரு குதிரைத்திறன் கூட எடுக்க முடியாது. அதற்குத் தேவை காற்று. கியரை இறக்கியதும் வண்டி சுகமாக ஏறுகிறது, மேல் கியரில் போட்டால்தான் சாகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் பிரச்சினை பல்லில் இருக்கிறது. பெரிய டயர் மாட்டிவிட்டு சூப்பர்சார்ஜர் விலை விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை என்பது என் கணிப்பு. நானும் அதே வகைதான்.

கிரவுன்-பினியன்: பார்வைக்கு ஒன்றுமில்லை

என் கணக்குப்படி பழைய நிலைக்குத் திரும்ப 4.24 வேண்டும். அப்படி ஒரு பல்ஜோடி கடையில் கிடைக்காது. பல் எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்! பினியனில் 11 பல், கிரவுனில் 41 பல் என்றால் 3.73, 10-க்கு 41 என்றால் 4.10, 9-க்கு 41 என்றால் 4.56, 8-க்கு 39 என்றால் 4.88. என் முன்னால் இருந்தது 4.10-ஆ 4.56-ஆ என்ற கேள்வி. 4.10 போட்டால் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 2,080 ஆர்பிஎம், 4.56 போட்டால் சுமார் 2,310. பெரிய டயர் உயரத்தில் மட்டும் கூடுவதில்லை, எடையும் கூடுகிறது. அதோடு இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக் எல்லாம் சேர்ந்திருக்கும். அதனால் கணக்குக்குக் கொஞ்சம் மேலே போவதுதான் அனுபவசாலிகள் வழக்கம். நெடுஞ்சாலையிலேயே நாள் முழுக்க ஓடும் வண்டியாக இருந்தால் 4.10-ஐ யோசித்திருப்பேன்.

3.73-லிருந்து 4.56 என்றால் சக்கரத்தில் 22 சதவீதம் கூடுதல் டார்க். சூப்பர்சார்ஜர் விளம்பரங்களில் வரும் எண்களுக்குப் பக்கத்தில் இது சிறிசாகத்தான் தெரியும். ஆனால் இந்த 22 சதவீதம் ஐடிலிலும் உண்டு, 800 ஆர்பிஎம்மிலும் உண்டு, ரிவர்ஸிலும் உண்டு. காலை அழுத்தினால்தான் வரும் என்ற நிபந்தனை கிடையாது. எஞ்சினை இது தொடுவதே இல்லை என்பதால் பெட்ரோல் ரகத்தை மாற்ற வேண்டாம், ரேடியேட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பாறையில் இதன் அருமையைப் புரிந்துகொள்ள ஒரு தெரிந்த உதாரணம்: மேனுவல் கியர்பாக்ஸ் வைத்த ஜீப் ராங்லர் ஜேகே ரூபிகான். முதல் கியர் 4.46, இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 4.0, ஆக்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 73. எஞ்சின் 73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதன் 32 அங்குல டயருக்குப் பதில் 35 போட்டால் அந்த 73, நடைமுறையில் 67 ஆகிவிடும். ஆக்சிலை 4.88 ஆக்கினால் அதே 35 அங்குல டயரோடு 80-ஐ ஒட்டி வரும். 700 ஆர்பிஎம் ஐடிலில் வண்டியின் வேகம் மணிக்கு 1.6 கி.மீ.யிலிருந்து 1.35-க்குக் குறைகிறது. கால் கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். பாறை விளிம்பில் டயர் ஏறுகிறதா வழுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுகிறவருக்கு அந்தக் கால் கிலோமீட்டரில்தான் எல்லாமே இருக்கிறது.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்குவோமே, அந்தப் பிடியையும் பெரிய டயர் தின்றுவிடுகிறது. பல்லை மாற்றினால் அது திரும்பக் கிடைக்கும். உலகத்திலேயே விலை கூடிய டர்போவை மாட்டினாலும் இறக்கத்தில் அதனால் காலணா பிரயோசனம் இல்லை.

இன்னொரு விஷயம் மெக்கானிக் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. டிஃபரன்ஷியலில் டார்க்கைப் பெருக்கினால், அதற்கு முன்னால் இருக்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும், அதே வேலையைச் செய்யச் சுமை குறைகிறது. எஞ்சினில் காற்றைத் திணித்துப் பெருக்கினால் பிஸ்டனில் ஆரம்பித்து ஆக்சில் ஷாஃப்ட் வரை எல்லாமே கூடுதலாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. விகிதம் கூடக்கூடப் பினியனில் பல் குறைகிறது, பினியன் இளைக்கிறது. சின்ன ஆக்சில் வைத்த வண்டியில் 5-ஐத் தாண்டிப் போவது உடைப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. அப்புறம், நான்கு சக்கர இயக்கம் என்றால் முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஃபோர் வீலில் போட்ட அடுத்த நிமிடம் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். ஆக, வேலை எப்போதும் இரட்டிப்பு. சில ஆக்சில்களில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கிரவுனைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டிவரும். லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது) போடும் எண்ணம் இருந்தால் அதே நேரத்தில் போட்டுவிடுங்கள். திரும்ப ஒருமுறை அதைத் திறக்கக் கூலி கொடுப்பது வயிற்றெரிச்சல்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பொருத்துகிற கை. என் நண்பர் ஒருவர் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் மாற்றினார், 70 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து 90 வரை வண்டி ஊளையிடும். வேகம் கூட்டினால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. அதைக் கேட்டுப் பயந்து, என் வண்டிக்கு வேலை நடந்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மெக்கானிக் கிரவுனின் நாலைந்து பல்லில் மஞ்சள் பசையைப் பிரஷ்ஷால் தடவி, ஒரு கையால் கிரவுனைத் தடுத்துப் பிடித்தபடி மறு கையால் பினியனைச் சுற்றினார். பல் உரசிய இடத்தில் பசை விலகி, நீள்வட்டமாக ஒரு தடம். முதல் தடவை அது பல்லின் வேரை ஒட்டி விழுந்திருந்தது. "பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கு" என்றார். பேரிங்கை இழுத்து, காகிதம் போன்ற ஒரு ஷிம் தகட்டை எடுத்துவிட்டு, மறுபடி பிரஸ் போட்டு, மறுபடி பசை. தடம் பல்லின் நடுவுக்கு வர மூன்று தடவை ஆனது. அதன்பிறகு டயல் கேஜை வைத்துப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டத்தைப் பார்த்தார். 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு ஆக்சிலுக்கே பாதி நாள் போய்விட்டது. இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு அப்படி ஒரு ஆள் அகப்படவில்லை என்றால், சூப்பர்சார்ஜர் பக்கம் போவதற்கு அது ஒரு நியாயமான காரணம் என்றே சொல்வேன்.

சூப்பர்சார்ஜர்: பெரிய எஞ்சின் மாதிரி

எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு மேல் கூடுதலாகத் திணித்தால், கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் பலம் எடுக்கலாம். திணிக்கும் கம்ப்ரஸரை கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றினால் சூப்பர்சார்ஜர். புகையின் வேகத்தில் சுற்றினால் டர்போ. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 6 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுத்தால் காகிதக் கணக்கில் 40 சதவீதம் கூடுதல் காற்று. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. காரணம், அழுத்தினால் காற்று சூடாகும். 25 டிகிரியில் உள்ளே போனது, கூலர் இல்லாவிட்டால் 70-ஐத் தாண்டி வெளியே வரலாம். தவிர, கம்ப்ரஸரைச் சுற்ற ஆகும் பலத்தையும் எஞ்சினே தர வேண்டும்.

சூப்பர்சார்ஜர் என்று மொட்டையாகச் சொல்வதே தவறு. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அளவு காற்றைத் தள்ளியே தீரும். 1,500, 2,000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கிடைக்கும். 1860-ல் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கியபோது இது தொழிற்சாலைக்குக் காற்று ஊதும் இயந்திரம்தான். அந்த அடிப்படையே இன்றும் ஓடுகிறது. சென்ட்ரிஃபியூகல் வகை வேறு சாதி. அதன் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். எஞ்சின் பாதி வேகத்தில் இருந்தால் பூஸ்ட் கால்பங்குதான். ரேஸ் டிராக்கில் அது சரி. மண் பாதைக்கு அதை வாங்கினால், பெல்ட்டும் சுமந்து, டர்போ மாதிரி இழுவைக்குக் காத்திருக்கும் தாமதமும் (லேக்) சுமந்த கதையாகிவிடும்.

நல்ல ரூட்ஸ் வகை மாட்டிய பெட்ரோல் வி6-ஐ ஓட்டிப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். எதற்கும் காத்திருக்க வேண்டாம். மிதித்த அளவுக்கு உடனே இழுவை, எஞ்சினை யாரோ இரவோடு இரவாகப் பெரிதாக்கிவிட்ட மாதிரி. நெடுஞ்சாலையில் முந்துவதற்கும், டிரெய்லர் இழுப்பதற்கும், மணல்மேட்டில் ஓட்டமாக ஏறுவதற்கும் பல்லை மாற்றினால் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. சும்மா ஓடும்போது பைபாஸ் வால்வு திறந்து சுமையைக் குறைத்துவிடும்.

ஆனால் லோ ரேஞ்சில் பாறை மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், பூஸ்ட் பூஜ்யம். எங்கே கிளட்ச் கருகியதோ அங்கே இது உதவிக்கு வராது. வண்டி குலுங்கும்போது பாதம் கொஞ்சம் தவறி அழுந்தினால், இப்போது வருகிற தள்ளு முன்பைவிடப் பெரிசாக இருக்கும்.

எஞ்சினின் உடல்நிலையும் உண்டு. காற்றை உறிஞ்சி ஓடும்படி வடிவமைத்த இன்றைய பெட்ரோல் எஞ்சின்களின் அமுக்க விகிதம் 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கிறது. அதன்மேல் பூஸ்ட் என்றால், கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும் நாக்கிங் பயம் எப்போதும் கூடவே வரும். உயர் ஆக்டேன் பெட்ரோல், பெரிய இன்ஜெக்டர், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவுக்குப் புதிதாக எழுதிய மேப், சரியான கூலர் நான்கும் சேர்ந்துதான் கிட். இதில் ஒன்றைச் சிக்கனம் பிடித்தால் பிஸ்டனில் வளையங்களுக்கு இடையே உள்ள மேடு உடைந்து மொத்தமும் போகும். காட்டுப் பாதையில் கடைசியில் கிடைத்த பங்க்கில் சாதாரண ரகம்தான் இருந்தது என்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள். வாரண்டி, மாசுச் சான்று விவகாரமும் உண்டு. அது உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. 2 லட்சம் கி.மீ. ஓடிய எஞ்சினில் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் இதை மாட்டுவதைச் சூதாட்டம் என்பேன்.

டர்போ: மலைக்கு ராஜா, பாறைக்கு அந்நியன்

புகையோடு வெளியே போகும் சக்தியைப் பயன்படுத்துகிறது என்பதால் மூன்றிலும் சாமர்த்தியமானது டர்போதான். ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இதன் உண்மையான பெருமை தெரிந்தது 1918-ல். சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, சுமார் 4,300 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே காற்று மெலிந்து, எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்து நின்றது. டர்போவை இணைத்ததும் கடல்மட்ட பலம் திரும்ப வந்தது. உயரமான கணவாய்களில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு பலத்தைத் தோராயமாக இழந்துகொண்டே போகும். பல்சக்கரம் காற்றைச் சேர்க்காது. சூப்பர்சார்ஜர் மெலிந்த காற்றைத்தான் அதே மடங்கில் பெருக்கும். டர்போவோ, தன் வேக வரம்பு வரை கூடுதலாகச் சுற்றி இழப்பை ஈடுகட்டும்.

ஆனாலும் பெட்ரோல் வண்டியில் பின்னால் வாங்கி மாட்டும் டர்போவை, கரட்டுப் பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் சூடு. பெட்ரோல் எஞ்சினின் டர்பைன் (புகை சுற்றும் சக்கரம்) கூடு முழுச்சுமையில் செக்கச்செவேலென்று ஒளிரும். பாறைப் பாதையில் வண்டி நடை வேகத்தில் போகும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் கிடையாது. பக்கத்திலுள்ள ஒயர், ஹோஸ், பிரேக் குழாய் எல்லாம் வெந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால் வார்ப்பிரும்பில் விரிசல் விழ வாய்ப்புண்டு. இரண்டாவது காரணம் வேலைப்பாடு. ஆயில் போக ஒரு குழாய், சம்ப்புக்குத் திரும்ப ஒரு குழாய், தண்ணீர்க் குழாய், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வர இரண்டு பெரிய பைப்புகள். குலுங்கிக் குலுங்கி அதில் ஒரு கிளாம்ப் நழுவினால் போதும், வண்டி அங்கேயே நிற்கும். சேறு அப்பிய இன்டர்கூலர் பாதி வேலைதான் செய்யும்.

மூன்றாவது, இழுவை வரும் விதம். 2,500 வரை ஒன்றுமில்லை, அப்புறம் ஒரேயடியாக ஒரு தள்ளு. ஈரப் பாறையில் பிடி கிடைக்குமா என்று டயர் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தள்ளு வந்தால் சக்கரம் சுழன்று, வண்டி பக்கவாட்டில் நழுவும். கம்பெனியே சிறிய டர்போவோடு வடிவமைத்த எஞ்சின்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே பாதி தீர்ந்தது. உங்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே டர்போ இருக்கும். உங்கள் தேர்வு ரீமேப்பா (ஈசியு மேப்பைத் திருத்துவதா) பல்லா என்பது மட்டும்தான். 4,000-4,500-லேயே முடிந்துவிடும் எஞ்சின் என்பதால் பல்லைக் கூட்டுவதில் பெட்ரோல்காரர்கள் அளவுக்குத் தாராளம் காட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எத்தனை கியர் என்பதும் தீர்ப்பை மாற்றும். ராங்லர் ஜேகேயின் ஐந்து கியர் ஆட்டோவில் முதல் கியர் 3.59. பின்னால் வந்த ஜேஎல்லின் எட்டு கியர் ஆட்டோவில் 4.71. எட்டு கியர்க்காரர் 33 மாட்டிவிட்டுப் பல்லை மாற்றாமலே காலம் தள்ளலாம், கியர்பாக்ஸே நடுவில் ஒரு கியரைத் தேடிக்கொள்ளும். நான்கு, ஐந்து கியர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

யாராவது இப்போது என்னிடம் கேட்டால்: டயரை இரண்டு அளவு கூட்டியிருக்கிறீர்கள், பாறையும் சேறும்தான் உங்கள் பாதை என்றால் மறுபேச்சு இல்லாமல் பல். டயர் பழைய அளவுதான், மணலில் ஓட்டம் வேண்டும், ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்க வேண்டும், எஞ்சினும் ஆரோக்கியம் என்றால் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். எப்போதும் 3,000 மீட்டருக்கு மேலேதான் வாசம் என்றால், டர்போவோடு பிறந்த வண்டியாகவே பார்த்து வாங்குங்கள். இருக்கிற வண்டியைக் கீறாதீர்கள். 37 அங்குல டயரோடு மணலும் மலையும் வேண்டும் என்பவர்கள் இரண்டையும் செய்வார்கள். அப்போதும் பல்தான் முதலில். பல்லை மாற்றி ஆறு மாதம் ஓட்டியபின் சூப்பர்சார்ஜர் ஆசையே அடங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் 4.56 போட்டேன். புதுப் பல்லுக்குப் பதம் வர வேண்டும் என்று முதல் தடவை அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி, டிஃபரன்ஷியல் முழுசாக ஆறும்வரை நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். 800 கி.மீ. வரை எதையும் கட்டி இழுக்கவில்லை. அதன்பிறகு ஆயிலை மாற்றியபோது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், துணுக்கு எதுவும் நெருடவில்லை. அடுத்த வாரம் அதே பாறை விளிம்புக்குப் போனேன். லோ ரேஞ்ச் முதல் கியர், கால் கிளட்சிலும் இல்லை, ஆக்சிலரேட்டரிலும் இல்லை. வண்டி ஐடிலிலேயே முன்சக்கரத்தை மேலே வைத்தது. டர்போ போடச் சொன்ன நண்பர்தான் அன்றும் கைகாட்டிக்கொண்டிருந்தார். உயரமான கணவாயில் முந்தப் போகும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்தால் தேவலை என்று இப்போதும் தோன்றும். அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை போகிறேன். முன்னால் போகிற லாரிக்குப் பின்னாலேயே போய்க்கொள்கிறேன்.